அடித்தளத்தில் உறங்கும் புல்லட்



நம் அடித்தள பார்க்கிங்கில் தூண் ஓரமாகத் தார்ப்பாய் போர்த்திய இரண்டு, மூன்று வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். டயரில் காற்று இருக்காது. ஹேண்டில்பாரில் சிலந்தி வலை கட்டியிருக்கும். பொதுக்குழு கூடும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இதையெல்லாம் எப்போதுதான் எடுப்பார்கள்?" என்று கேட்பதும் வழக்கம்தான். கேள்வி நியாயமானது. இரு சக்கர வண்டிக்கே இடம் போதாமல் கிடக்கிறோம். வண்டியின் சொந்தக்காரர்களும் பல வீடுகளில் "எடைக்குப் போட்டுவிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

போடுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே நிற்பது பழைய புல்லட்டாக இருந்தால், நம் மாநிலத்தின் தொழில் வரலாற்றில் ஒரு பக்கம் அங்கே நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்த வண்டியை இன்றைக்கும் ஓட வைக்க முடியும். இன்னும் எத்தனை நாளைக்கு முடியும் என்பதுதான் கேள்வி.

ரெட்டிட்சிலிருந்து திருவொற்றியூருக்கு

ராயல் என்ஃபீல்டு பிறந்த இடம் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரம். 'புல்லட்' என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. நமக்குத் தெரிந்த புல்லட்டின் உருவம், அதாவது பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்து, ஒற்றை சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் அந்த உருவம், இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு அமைந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதிகம் என்பதால்தான் அந்த 'டுப், டுப்' என்ற நிதானமான சத்தம்.

சென்னையில் கே.ஆர்.சுந்தரம் ஐயர் 1949-இல் மெட்ராஸ் மோட்டார்ஸைத் தொடங்கி, பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றார். நார்ட்டன், மேட்ச்லெஸ் வண்டிகளோடு என்ஃபீல்டும் அந்தக் கடையில் விற்றது. 1952-இல் இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கரடுமுரடான எல்லைப் பாதையில் ஓட வேண்டும், பழுதானால் அங்கேயே பிரித்துச் சரிசெய்ய வேண்டும். புல்லட் இரண்டுக்கும் ஈடுகொடுத்தது.

அதன் தொடர்ச்சியாக 1955-இல் ரெட்டிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956-இல் வேலை தொடங்கியபோது பாகங்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடியும்போது வெளிவந்திருந்த வண்டிகள் 163. பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டு, 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாகும் நிலை வந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ரெட்டிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுவிட்டது. தாய் வீடு இடிந்து போனது. கட்டிக்கொடுத்த வீட்டில் மகள் நன்றாக இருந்தாள். திருவொற்றியூர் 1955-ஆம் ஆண்டின் அதே வடிவத்தைப் பெரிதாக மாற்றாமல் செய்துகொண்டே இருந்தது. 1977-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி ஆனது. தங்கள் பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்காமல் தவித்த வெள்ளைக்காரர்கள் சென்னையிலிருந்து வந்த பாகத்தை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள்.

"அறுபதுகளின் வண்டியையே எண்பதுகளிலும் விற்றார்கள்" என்று அந்த நாளில் பலர் குறை சொன்னதுண்டு. குறை உண்மைதான். ஆனால் அந்தக் குறையின் பலனை இன்று நீங்கள் அனுபவிக்கலாம். அரை நூற்றாண்டு ஒரே வடிவத்தில் செய்ததால்தான், உங்கள் தாத்தா வாங்கிய வண்டிக்கு உங்கள் பேரன் காலத்தில் செய்த பாகமும் பல இடங்களில் பொருந்துகிறது.

வண்டி கிடைப்பதே பெரிய காரியம்

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் மூன்று பெயர்கள்தான் பெரும்பாலும் காதில் விழும். திருவொற்றியூர் புல்லட், மைசூரில் 1961 முதல் வந்த ஜாவா, அது 1973-க்குப் பிறகு யெஸ்டி ஆனது, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத். மூன்றுமே வெளிநாட்டு வடிவங்கள்: ஒன்று பிரிட்டிஷ், ஒன்று செக், ஒன்று போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழி வந்தது. யெஸ்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். மேலே தூக்கி உதைத்தால் கிக்கர்; கீழே இறக்கினால் கியர்.

ஓர் ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதைக்கூட அன்று அரசு உரிமம்தான் தீர்மானித்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த வண்டியை எளிதில் யாரும் விற்கவில்லை. போலீஸ், ராணுவம் போக, தொலைவில் உள்ள ஊர்களுக்குப் போய்வர வேண்டிய மருத்துவர், பங்குத்தந்தை, ஒப்பந்தக்காரர், உப்பள முதலாளி என்று வண்டி யாரிடம் இருந்ததோ அவர் பெயரோடு 'புல்லட்' அடைமொழியாகச் சேர்ந்துகொண்டது. உங்கள் தெருவிலும் ஒரு 'புல்லட் தாத்தா' இருந்திருப்பார்.

1984, 85 ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஓசூரில் இண்ட் சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானியக் கூட்டில் நூறு சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. எடை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு, ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகும். புல்லட்டின் கனம் பலருக்குச் சுமையாகத் தெரியத் தொடங்கியது அப்போதுதான். 1994-இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்கியது. 1996-இல் மைசூர் ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூரின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் 2010-ஐ ஒட்டி விடைபெற்றது. புதிய எஞ்சின் வந்தது. ஆகவே நம் பார்க்கிங்கில் நிற்கும் வார்ப்பிரும்பு புல்லட், முடிந்துபோன ஒரு வரிசையில் மிஞ்சியது.

அதே ஆண்டுகளில் நம் கடலில்

திருவொற்றியூரில் ஆலை உருவான அதே 1955-இல் நம் ஊர்க் கடலில் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1961 வரை அது நடந்தது. அதுவே கடைசி. அதற்குப் பிறகு பார்களில் முத்துச்சிப்பி போதிய அளவு சேரவில்லை. அரசு முத்துக்குளிப்பு நடத்தவும் இல்லை. 1973-இல் இங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் பாருக்குப் படகில் போய் மூச்சடக்கி இறங்கிய அந்தப் பெரிய முத்துக்குளிப்பு திரும்ப வரவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மூழ்கும் வித்தை அதோடு அழிந்துவிடவில்லை. சங்கு குளிப்பவர்களிடம் அது தங்கியது. தொழில் நடக்கும் வரை தொழிலறிவு பிழைத்திருக்கும். கை ஓய்ந்தால் அறிவும் ஓயும். பழைய வண்டிக்கும் இது பொருந்தும். புத்தகத்தைப் பார்த்து புல்லட்டைப் பிரித்துவிடலாம். கிளட்ச் எந்த இடத்தில் வழுக்குகிறது, டாப்பெட் சத்தம் எது, பிஸ்டன் சத்தம் எது என்று காதால் பிரித்துச் சொல்ல ஒரு பழைய பட்டறை மெக்கானிக் வேண்டும். அவர்களில் பலருக்கு இன்று வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் பட்டறைக்கு வேலை கற்க வரும் பையன்களுக்கு கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வண்டிதான் பழக்கம். நீங்கள் ஒரு பழைய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், அந்தப் பையனும் பக்கத்தில் நின்று பார்ப்பான்.

உப்புக் காற்று என்ன செய்யும்

கோயம்புத்தூரில் இருபது வருடம் நின்ற வண்டியும் தூத்துக்குடியில் இருபது வருடம் நின்ற வண்டியும் ஒன்றல்ல. நம்மைச் சுற்றி ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் உப்பளம். கொண்டல் காற்று அடிக்கும் நாட்களில் பால்கனிக் கம்பியைத் தடவிப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும். அதுதான் வண்டியின் மேலும் படிகிறது.

உப்பின் குணம் ஈரத்தை இழுப்பது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீர்த்து, இரும்பின் மேல் உப்புத் தண்ணீர்ப் படலமாக நிற்கும். மழை பெய்யாத நாளிலும் வண்டி நனைந்தே இருக்கிறது என்று அர்த்தம். குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், அதன் வழியே உள்ளே போய் அடியிலிருந்து உரித்துக்கொண்டு வரும். அலுமினியக் கேஸில் வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியத்துக்குள் முறுக்கிய இரும்பு போல்ட் இறுகிப்போய், திருகினால் தலை மட்டும் கையோடு வரும். ஸ்போக் கம்பி, ரிம்மைத் தொடும் இடத்தில்தான் முதலில் அரிக்கும்.

நாம் நல்லது என்று நினைத்துச் செய்யும் இரண்டு காரியங்கள் இதை மோசமாக்குகின்றன. ஒன்று, பிளாஸ்டிக் தார்ப்பாய். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். அதைவிட ஒரு பழைய பருத்திப் போர்வை எவ்வளவோ மேல். இரண்டு, போர் தண்ணீரில் கழுவுவது. நம் ஊரில் பல போர்களில் வருவது உப்புத் தண்ணீர்தான். தாமிரபரணித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, இரும்புப் பாகங்களில் எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் ஒரு தேய்ப்பு. பிரேக் டிரம், டயர் பக்கம் மட்டும் ஆயில் போகக் கூடாது. மாதம் ஒரு முறை இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

எழுப்புவது எப்படி

பல வருடம் நின்ற வண்டியை முதல் நாளே உதைக்காதீர்கள். உள்ளே பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். எஞ்சின் சுழன்றால் நல்ல செய்தி. சுழலவில்லை என்றால் பலம் காட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பெட்ரோல் டாங்க். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பாதி டாங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்துவதுதான் மிக மோசம். ஓட்டாமல் வைப்பதென்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். செலவு குறைவு, தீ விபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிறகு வரிசையாக: எஞ்சின் ஆயில் மாற்றம், கார்புரேட்டர் ஜெட் சுத்தம், பாயிண்ட் முனை தேய்த்து இடைவெளி சரிபார்ப்பு, கன்டென்சர், பிளக், கேபிள்கள், பிரேக் ஷூ, டயர், டியூப். வெளியே பார்க்க டயர் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு, சற்றே பெரிய பிஸ்டன் மாட்டலாம். அதுவும் தீர்ந்துவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம். வார்ப்பிரும்பு சிலிண்டரின் பெரிய வசதி இது. தூக்கி எறியத் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். பெயின்ட், குரோம் இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பில் பணத்தை எல்லாம் போட்டுவிட்டு பிரேக்குக்குக் காசில்லாமல் நிற்பவர்கள் உண்டு. அசல் பாகங்களைக் கழற்றினால் எறியாதீர்கள். பெயர் எழுதி டப்பாவில் போட்டு வையுங்கள். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

ஸ்டார்ட் செய்வதும் ஓட்டுவதும்

பழைய புல்லட்டை உதைக்க பலத்தைவிடப் பொறுமை வேண்டும். சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று பொருள். அங்கே டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுசாக ஓர் உதை. இந்த வரிசையை மீறினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம்.

முக்கியமான எச்சரிக்கை: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். முதல் சில நாட்கள் நம் வளாகத்துக்கு உள்ளேயே சுற்றிப் பழகிக்கொள்ளுங்கள். டிரம் பிரேக் என்பதால் முன்னே போகும் வண்டியிலிருந்து அதிக இடைவெளி விடுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் குறைவு; பொழுது சாயும் முன் வீடு திரும்புங்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பழகிப் பார்க்க வேண்டாம்.

பழகிய பிறகு ஒரு ஞாயிறு விடிகாலை திருச்செந்தூர் சாலையில் போங்கள். முள்ளக்காடு உப்பளங்கள், பழையகாயல், முக்காணியைத் தாண்டி தாமிரபரணிப் பாலம், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். ஐம்பது கிலோமீட்டர் வேகமே இந்த எஞ்சினுக்குச் சுகமான வேகம். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வாசம் வரும்; நூறில் பறப்பவருக்கு அது தெரியாது. வீடு வந்ததும் வண்டியைத் துடைத்துவிடுங்கள். அந்தச் சாலையின் உப்பும் கூடவே வந்திருக்கும்.

அண்டை வீட்டாருக்காக ஒரு வார்த்தை. அசல் சைலன்ஸர் மாட்டிய புல்லட் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. காதைக் கிழிப்பது மாற்றி மாட்டிய சைலன்ஸர். அது சட்டப்படியும் குற்றம். மாற்றாதீர்கள்.

ஆர்.சி. விவகாரம்

தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு 2025-இல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. வண்டி இறந்துபோன அப்பா, தாத்தா பெயரில் இருந்தால், படிவம் 31 மூலம் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். டி.என். 69 வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து எண் கொண்ட வண்டி என்றால் அந்த எண்ணையும் பழைய ஆர்.சி. புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள். வண்டியின் பிறப்புச் சான்று அதுதான்.

ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 2021-இல் தனி விதி வந்தது. 'வி.ஏ.' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்த எண்ணோடு அன்றாடம் மார்க்கெட்டுக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே. ஆகவே ஓட்ட விரும்புகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

சங்கத்துக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒத்துப்போகும் வழி ஒன்று இருக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும் வண்டியின் சொந்தக்காரர்கள், அடுத்த காலாண்டுக்குள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓட வைக்கப் போகிறீர்களா, அதற்கு ஒரு தேதி சொல்லுங்கள். முடியாதா, ஓட வைக்க ஆசைப்படும் ஒருவருக்குப் பாகங்களோடும் புத்தகத்தோடும் முறைப்படி பெயர் மாற்றிக் கொடுங்கள். நம் வளாகத்திலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டும் முடியாது என்றால் மட்டும் பழைய இரும்பு. ஏறக்குறைய 165 கிலோ எடையுள்ள வண்டிக்கு இரும்புக் கடைக்காரர் கிலோக் கணக்கில்தான் விலை சொல்வார். எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தாலே, அதைத் தேடுகிறவர் அதைவிடப் பல மடங்கு கொடுப்பார்.

முதல் வேலையாக, இந்த வாரக் கடைசியில் கீழே போய் அந்தத் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். வண்டிக்குக் கொஞ்சம் காற்றுப் படட்டும்.